மஞ்சள் விளக்கு எரிந்ததா?

பிப்ரவரி 11, புதன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அடிபட்ட டிப்பரைச் சோதிக்கப் போனபோது, பேட்டரியை இணைப்பதற்கு முன்னால், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எல்லா சுவிட்சுகளையும் வரிசையாகக் கீழே தள்ளி அணைத்தேன். சுழல் விளக்கின் சுவிட்ச் அதற்கு முன் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று பார்க்கவில்லை.

இவ்வளவுதான் எழுதினாள். ‘சின்ன’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அடித்தால் பயந்துபோனதாகத் தெரியும். விட்டால் மழுப்புவதாகத் தெரியும். விட்டுவிட்டாள்.

வண்டிகள் நிற்கும் யார்டில் எல்லோரும் அவளை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சர் பென்சில் செருகுவதுபோல் காதுக்கு மேலே எப்போதும் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர். சாலை போடும் அந்தக் கம்பெனியின் வண்டிகளுக்கு விளக்கு, வயரிங் எல்லாம் அவள் பொறுப்பு. வேலை முடிந்ததும் வாகன மின்சாரம் படிக்க மாலை வகுப்புக்கு ஓடுவாள். அவளுடைய அண்ணன் அதே கம்பெனியில் டிப்பர் ஓட்டுகிறான். பத்துப் பேர் பேச்சை ஒற்றை ஆளாய் அமுக்கிவிடும் தொண்டை; அதனால் அவனுக்கு ஹாரன் என்று பெயர். “ஹாரனும் டெஸ்டரும் ஒரே வீட்டு ஸ்பேர் பார்ட்ஸ்” என்று ஃபோர்மேன் சொல்லிச் சிரிப்பார். இந்த வாரம் அவர் அதைச் சொன்னபோது சிரிப்பைக் காணோம்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை, பொழுது சாய்கிற நேரம், தூறல். அண்ணன் கடைசி லோடு ஜல்லியைச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தான். டிப்பரின் பெட்டி மேலே தூக்கி நின்றது. வேலைதான் முடிந்ததே என்று, பின்னால் எச்சரிக்கைக்கு வைத்திருந்த கூம்புகளை ஆட்கள் முன்கூட்டியே பொறுக்கிவிட்டார்கள். வண்டியின் பின்விளக்குகளில் சேறு அப்பியிருந்தது. அப்போது காரில் வந்த ஒரு மருந்துக்கடைக்காரர் நேராக டிப்பரின் முதுகில் முட்டினார். அவருக்குக் கை எலும்பு முறிந்தது.

“டிப்பர் மேல மஞ்சள் லைட்டே எரியல” என்கிறார் அவர். “சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு” என்கிறான் அண்ணன்.

வேலை நடக்கும்போது வண்டியின் தலைமேல் மஞ்சள் சுழல் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அது எல்லாப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும். போடாமல் வேலை செய்கிற டிரைவர் வீட்டோடு இருந்துகொள்ளலாம். இந்த விதிகளை யார்டுச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வருவார், அண்ணனுக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்வார்.

அதற்குத்தான் புதன்கிழமை அவளை வண்டியைச் சோதிக்கச் சொன்னார்கள். அவள் பேட்டரியை இணைத்து, சுவிட்சைப் போட்டாள். விளக்கு மக்கர் பண்ணாமல் சுழன்றது. ஃபோர்மேன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“விளக்கு நல்லாத்தான் இருக்கு. அப்போ எரியலைன்னா, போடலைன்னு அர்த்தம். நீ ஏறினப்போ சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் சார். பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி அப்படித்தான் செய்யணும்.”

“பார்த்துட்டு ஆஃப் பண்ணியா, பார்க்காமயா?”

“பார்க்கல சார்.”

“அண்ணன் வண்டி. தங்கச்சி கை. பார்க்கறவன் என்னம்மா நினைப்பான்?”

“தெரியாமத்தான் சார்...”

“தெரியாமத்தான். இங்க எல்லாரும் எல்லாத்தையும் தெரியாமத்தான் செய்யறாங்க.”

அவர் போனபிறகு அவளுக்கு வேறொன்று தோன்றியது. விபத்து நடந்த அன்று பேட்டரியைக் கழற்றியது யார்? ஃபோர்மேன்தான். கேபினில் தனியாக ஏறி இறங்கியவர் அவர். கூம்புகளைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னதும் அவர்தான் என்று ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்று முடிவானால் கூம்பைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. அவள் தெரியாமல் தள்ளிய சுவிட்சை அவர் தெரிந்தே முன்னமே தள்ளியிருந்தால்? நினைத்ததுமே தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அண்ணன் என்பதால்தான் இப்படி அடுத்தவர் மேல் பழியைத் தேடுகிறோமோ?

வகுப்பு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வெளியே போயிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க அண்ணன் சத்தமே போடல. ரெண்டு நாளா எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு.”

“மனசு சரியில்லாம இருக்கும் அண்ணி.”

“மனசு சரியில்லைன்னா இந்த மனுஷன் இன்னும் ரெண்டு மடங்கு கத்துவாரு. எதையோ உள்ள வெச்சிருக்காரு. சாயங்காலமானா கிளம்பிடறாரு. எங்கன்னு கேட்டா, காத்து வாங்கவாம். என்னைக்காவது இந்த ஆளு காத்து வாங்கிப் பார்த்திருக்கியா நீ?”

பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை அவள் மறுபடி அந்த டிப்பரில் ஏறினாள். வயரிங் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இடுக்கெல்லாம் துழாவினாள். டிரைவர் சீட்டுக்கடியில், சுருட்டித் திணித்த ஒரு கறுப்புத் துணி கையில் தட்டியது. இழுத்து விரித்தாள். பழைய பேன்ட் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, மறுபக்கம் எலாஸ்டிக் கோத்த தொப்பி. இன்னும் ஈரம் காயவில்லை.

அது எதற்கென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவர் ஓரமாகவோ கண்ணாடிக் கடை எதிரிலோ வேலை என்றால், சுழல் விளக்கின் வெளிச்சம் திரும்பி வந்து டிரைவர் கண்ணில் அறையும். தலைவலி தாங்காமல் சில டிரைவர்கள் விளக்குக்கு இப்படி ஒரு தொப்பி தைத்து வைத்துக்கொள்வார்கள். சுவிட்ச் போட்டிருக்கும், விளக்கும் உள்ளே சுழலும், வெளியே பொட்டு வெளிச்சம் வராது. “லைட் போட்டுதான் இருந்தேன்” என்று அடித்துச் சத்தியம் செய்யலாம். சத்தியமும் பொய்யாகாது.

தூறல் போட்டது திங்கட்கிழமை மட்டும்தான். தொப்பி சீட்டுக்கடியிலேயே இருந்திருந்தால் எப்படி நனையும்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் விபத்து நடந்த சாலைக்கே போனாள். டிப்பர் நின்ற இடத்துக்கு முன்னால், எதிர்ப்புறத்தில், ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சாலை வேலையில் அவளையும் அண்ணனையும் பார்த்திருப்பவர். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“லைட் எரிஞ்சுதான்னுதானே? எரிஞ்சுது. என் சுவர் முழுக்க மஞ்சளா ஓடிக்கிட்டே இருந்துச்சு. டியூப்ல ஓட்டை எங்கன்னே கண்டுபிடிக்க முடியல.”

“நான் இன்னும் கேட்கவே இல்லையேண்ணே.”

“நேத்து சாயங்காலம் உங்க அண்ணன் வந்து கேட்டாரே. மேனேஜர்கிட்ட வந்து சொல்லுவியான்னாரு. சொல்றேன்னேன்.”

“அவர் கேட்டதால சொல்றீங்களா, பார்த்ததால சொல்றீங்களா?”

அவர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ அவருக்குத் தங்கச்சியா, இல்ல அந்தக் காருக்காரருக்குத் தங்கச்சியா?”

திரும்பி நடக்கும்போது அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. சொல்லிக்கொடுத்த சாட்சி என்று பார்த்தால் அப்படியும் இருந்தது. கண்ணால் பார்த்த எரிச்சல் என்று பார்த்தால் அப்படியும் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கும் பொய் சொல்ல என்ன அவசியம்? எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே யாராவது கையை உடைத்துக்கொள்வார்களா?

அண்ணனை வேலையில்லாமல் யார்டு வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தொப்பியை அவன் மடியில் போட்டாள்.

“இது நனைஞ்சிருக்கு அண்ணா.”

“அதுக்கு?”

“அன்னிக்கு இது லைட் மேல இருந்துச்சா?”

அவன் முகம் செத்துப்போனது. எப்போதும்போல் கத்தியிருந்தால் அவள் நிம்மதி அடைந்திருப்பாள். அவன் மெல்லத்தான் பேசினான்.

“ஃபோர்மேன் கேட்டான், சரி. உங்க அண்ணி கண்ணாலயே கேட்கறா, அதுவும் சரி. நீயுமா?”

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்.”

“சொன்னா நம்புவியா? நம்பற மூஞ்சியா இது? போ. உனக்கு என்ன தோணுதோ, அதையே மேனேஜர்கிட்ட சொல்லு.”

அன்று மாலை அவளுக்கு வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்ன சொல்வது? விளக்கு நன்றாக இருந்தது என்றால் அண்ணன் போடவில்லை என்றாகும். விளக்கில் கோளாறு என்றால் பொய். விட்டுவிட்டு எரிகிற மாதிரி ஒரு ஒயரை லேசாகத் தளர்த்திவிட்டால் அந்தப் பொய்யும் உண்மைபோல் நிற்கும். அந்த யோசனை வந்ததும் காதிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பையில் போட்டாள், அது தானாகவே போய் ஒயரைக் கழற்றிவிடும் என்று பயந்தவள்போல.

யார்டின் பின்வாசல் வழியாக அவள் உள்ளே வந்தபோது, கழுவுகிற மேடையில் ஒரு டிப்பர் அவளுக்கு முதுகைக் காட்டி, பெட்டியை முழுதாகத் தூக்கி நின்றது. அதன் டிரைவரை மாப்பிள்ளை என்பார்கள். வண்டியை அப்படிச் சீராட்டுவார். பெட்டி மூலையில் ஒட்டிய ஜல்லியைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பெட்டி மேலே இருந்தால் யார்டுக்குள்ளும் விளக்கு போட வேண்டும் என்பது விதி. அவளுக்கு எங்கோ இருந்த கோபம் இங்கே வந்து விழுந்தது.

“என்ன மாப்பிள்ளைண்ணே, லைட்டே போடாம பெட்டியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? ஒருத்தர் கை உடைஞ்சது பத்தாதா?”

“யாரு போடல? சுத்திக்கிட்டுதானே இருக்கு!”

“எனக்குக் கண்ணு இருக்குண்ணே. எரியல.”

“உனக்குக் கண்ணு இருக்கு, கண்ணாடிதான் இல்ல. முன்னாடி வந்து பாரு!”

வீம்புக்காகத்தான் அவள் முன்னால் போனாள். கேபின் கூரையில் மஞ்சள் விளக்கு சளைக்காமல் சுழன்றுகொண்டிருந்தது. அவள் பின்னால் வந்தாள்; இல்லை. தூக்கிய பெட்டியின் இரும்புத் தளம்தான் சுவர்போல் நின்றது. மறுபடி முன்னால் ஓடினாள்; இருந்தது.

“என்னம்மா, கோயில் பிரகாரமா சுத்தற?” என்றார் மாப்பிள்ளை.

மருந்துக்கடைக்காரர் சொன்னதை அப்படியே, அவர் சொன்ன அதே உறுதியோடு, அவளும் இப்போது சொல்லியிருந்தாள். பஞ்சர் கடை முன்னால். கார் பின்னால். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அடுத்தது என்ன என்பதும் உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ‘எல்லாப் பக்கமும் தெரிகிறது’ என்று கையெழுத்துப் போடுபவள் அவள். ஏமாற்றிப் போட்டதில்லை, ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து பார்த்துத்தான் போட்டாள். ஆனால் பெட்டி இறங்கியிருக்கும்போது. யார்டில் வண்டி தூங்கும்போது பார்த்தாளே தவிர, வேலை செய்யும்போது அது எப்படி நிற்கும் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கோ ஃபோர்மேனுக்கோ இதுவரை தோன்றியதும் இல்லை.

வீட்டில் சொன்னபோது அண்ணன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

“என்னைக் காப்பாத்தறதுக்குக் கதை கட்டறியா?”

“கதை இல்லண்ணா. என் தலையிலதான் முடியும். அப்படி யாராவது கதை கட்டுவாங்களா?”

“மத்தியானம் தொப்பியத் தூக்கி மடியில போட்டவ, சாயங்காலம் வந்து என்னை நல்லவன்கற. எதை நான் நம்பறது?” பிறகு அவனே சொன்னான்: “தொப்பி போடறதுண்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்குப் போடல.”

“அப்போ ஏன் நனைஞ்சிருந்துச்சு?”

“அது வேற.” அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்தார். மருந்துக்கடைக்காரரும் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு வந்து, யாரோ கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றார். அவள் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அடிபட்ட வண்டியின் விளக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், மருந்துக்கடைக்காரர் பின்னால் நிற்க வேண்டும், மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். ஃபோர்மேன், “அண்ணன்காரன் கேபின்ல ஏறக் கூடாது” என்றார். மாப்பிள்ளை ஏறினார்.

விளக்கைப் போட்டதும் பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தினார்: “தெரியுது. இன்னிக்கு நல்லாத் தெரியுது! அன்னிக்குப் போடல, அதான் சொல்றேன்.”

“சரிங்க. அங்கயே நில்லுங்க.” அவள் கையைக் காட்டினாள். பெட்டி முனகிக்கொண்டே மேலே எழுந்தது. கால்வாசி எழுவதற்குள் அவர் குரல் வந்தது.

“ஏன் அணைச்சீங்க?”

முன்னாலிருந்து மேனேஜர், “யாரு அணைச்சது? எரியுதே!” என்றார்.

“எரியலைங்க!”

“எரியுதுய்யா!”

“அணைச்சு அணைச்சுப் போடறீங்க. எனக்கு என்ன விவரம் தெரியாதுன்னு நினைச்சீங்களா?” மருந்துக்கடைக்காரர் தூளிக் கையோடு முன்னால் ஓடி வந்தார். விளக்கைப் பார்த்தார். சட்டென்று பின்னால் ஓடினார், திருடனைப் பிடிப்பதுபோல. மறுபடி முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைக்கச் சொல்லி, மறுபடி பின்னால் போனார்.

பிறகு அவர் மெதுவாக வந்தார். “அன்னிக்கு எதிர்க்கடைச் சுவர்ல மஞ்சளா ஏதோ ஓடுச்சு. கடை விளம்பரம்னு நினைச்சேன்.” அண்ணனைப் பார்த்தார். “இந்த ஆளு பொய் சொல்றாருன்னு நினைச்சுட்டேன். அன்னிக்கு ஓடி வந்து என் மூஞ்சிய ஒரு கறுப்புத் துணியால துடைச்சுவிட்டாரு. தண்ணியில நனைச்சிருந்தாரு. ஆனா ஒரே டீசல் நாத்தம்.”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் துணி என்ன துணி என்று மேனேஜர் முன்னால் அவனால் எப்படிச் சொல்ல முடியும்?

மேனேஜர் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார். “எல்லாப் பக்கமும் தெரியுதுன்னு இந்த வண்டிக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான் சார். பெட்டி இறங்கியிருக்கும்போது பார்த்தேன். தூக்கிப் பார்க்கல. இதை மட்டும் இல்ல, எந்த வண்டியையும் தூக்கிப் பார்த்ததில்ல.”

“உனக்கு மெமோ வரும்மா.”

“சரி சார்.”

“நீ திங்கட்கிழமை வண்டி எடு” என்று அண்ணனிடம் சொன்னார். “பின்விளக்குல சேறு அப்பிக்கிட்டு இனிமே வெளியே போனா, அப்புறம் வண்டியே இல்ல.”

“எல்லாம் சரிங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். “பின்னாடி கூம்பு ஏதும் வெக்கற வழக்கம் உண்டா இல்லையா? அதை எடுக்கச் சொன்னது யாரு?”

ஃபோர்மேன் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்ப்பதுபோல் இருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மேனேஜர் அவர் தோளில் கை போட்டு ஆபீஸ் அறைக்குள் அழைத்துப்போனார். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“மெமோவா?” என்றான், யார்டே திரும்பிப் பார்க்கிற குரலில். “எவ்வளவு பெரிய மெமோ?”

“கத்தாதே அண்ணா.”

“கத்துவேன். என்னை சந்தேகப்பட்டவளுக்கு மெமோ கிடைச்சா கத்தாம என்ன செய்வாங்க?” என்றவன், குரலை இறக்கினான். “அன்னிக்கு நிஜமாவே தொப்பி போடல.”

“சரி.”

“நம்பறியா?”

“நம்பறேன்” என்றாள். முக்கால்வாசி நம்பினாள். மீதிக் கால்வாசி, அவன் இனி எங்கே வேலை செய்தாலும் அந்தப் பக்கமாகப் போய் விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று அவள் எழுதியது:

நாளை, சனிக்கிழமை. எல்லா டிப்பர்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்லி, பெட்டியை முழுதாகத் தூக்க வைத்து, பின்னால் நின்று பார்க்க வேண்டும். பின்பக்கம் ஜல்லி விழாத உயரத்தில் இரண்டாவது சுழல் விளக்கு மாட்ட, துளை போடும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். முதலில் மாப்பிள்ளையின் வண்டி.